சாக்கெட் 7 போன கதை

பட்ஜெட்டுக்குள் முதல் கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்கும் எவருக்கும் வரும் முதல் சந்தேகம், இந்த பிராசசர் இந்த மதர்போர்டில் உட்காருமா என்பதுதான். இது முழுக்க டெக்னிக்கல் விஷயம் என்று நினைப்பவர்கள் 1997, 98ல் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதுவரை சாக்கெட் 7 என்று ஒன்று இருந்தது. இன்டெல்லின் பென்டியம், ஏஎம்டியின் கே6, சிரிக்ஸின் 6எக்ஸ்86 எல்லாமே அதில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்றில்லை. வோல்டேஜ், பஸ் வேகம், மல்டிபிளையர் இவற்றை போர்டில் இருக்கும் ஜம்பர்களை மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். 1997 ஜனவரியில் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் உள்ளுக்குள் 2.8 வோல்ட்டில் ஓடுவது; ஒரே வோல்டேஜ் தரும் பழைய போர்டுக்கு அது ஆகாது. இத்தனை தொல்லை இருந்தாலும் வாங்குபவர் கையில் ஒரு பலம் இருந்தது. போர்டை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம்!

1997 மே மாதம் பென்டியம் 2 வந்தது, அந்த பலம் போயிற்று. சாக்கெட்டுக்கு பதில் ஸ்லாட் 1. பிராசசரையும் கேஷ் சில்லுகளையும் ஒரே அட்டையில் வைத்து, பழைய வீடியோகேம் கேசட் மாதிரி செருக வேண்டும். கேஷை பிராசசருக்குப் பக்கத்தில் வைக்க இது நல்ல வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டிக் கம்பெனிகள் அந்த ஸ்லாட்டுக்குள் வர முடியவில்லை. வணிகவியல் புத்தகங்கள் இதற்கு நுழைவுத் தடை என்று பெயர் வைத்திருக்கின்றன.

ஏஎம்டி பழைய சாக்கெட்டையே 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, ஏஜிபியும் சேர்த்து, சூப்பர் 7 என்று 1998ல் கே6-2ஐ இறக்கியது. விலை குறைவு. ஆனால் குவேக் மாதிரி விளையாட்டுகளுக்கு வேண்டிய தசமக் கணக்குகளில் அது பென்டியம் 2க்குப் பின்னால்தான் நின்றது.

கேம் பிரியர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் லாட்டரி அடித்தது இன்டெல் பக்கமிருந்துதான். செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 மல்டிபிளையர், ஆக 300. பஸ்ஸை 100க்கு ஏற்றினால் 450. இன்டெல்லின் விலை உயர்ந்த சில்லு ஓடிய வேகம்! ஆனால் இந்த லாபம் தனி சில்லில் இல்லை. 100ல் ஓடும் பிஎக்ஸ் சிப்செட் போர்டு வேண்டும், பிசி100 ரேம் வேண்டும். மலிவான பிராசசரை வாங்கிவிட்டு போர்டிலும் மிச்சம் பிடித்தவர்களுக்கு 300தான்.

இதில் வேடிக்கை, 300ஏ தன் 128 கேபி கேஷை சில்லுக்குள்ளேயே வைத்திருந்தது. அதாவது ஸ்லாட்டுக்குச் சொன்ன காரணமே போய்விட்டது. 1999லேயே செலரான் சாக்கெட் 370க்குத் திரும்பியது. சாக்கெட் திரும்பியதே தவிர, பொது சாக்கெட் திரும்பவில்லை. ஏஎம்டியும் சளைத்ததல்ல, அதே ஆண்டு அத்லானுக்கு ஸ்லாட் ஏ என்று தனியாகப் போட்டது. பார்க்க ஸ்லாட் 1 போலவே இருக்கும், ஒன்றுக்கொன்று வேலை செய்யாது.

அதிலிருந்து இரண்டு கம்பெனிக்கும் இரண்டு வழி. 2017ல் இன்டெல்லின் 8ஆம் தலைமுறை பிராசசர்கள் அதே 1151 சாக்கெட்டில்தான் வந்தன, முந்தைய ஆண்டின் போர்டுகளில் ஓடவில்லை. 2020 மே மாதம் ஏஎம்டி, பி450 போர்டுகளுக்கு அடுத்த ரைசன் கிடையாது என்றது. வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதம் பின்வாங்கியது. 2022ல் வந்த 5800எக்ஸ்3டி, பயாஸைப் புதுப்பித்தால், 2017ஆம் ஆண்டு ஏஎம்4 போர்டுகள் பலவற்றிலும் ஓடியது.

புதுப்பிக்க ஏற்கனவே ஓடுகிற பிராசசர் ஒன்று வேண்டுமே என்ற சிக்கல் உண்டு. 2018ல் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டியே ஒரு சில்லைக் கடனாக அனுப்பி வைத்தது.