வெறுநிலம் என்ற சொல்



1819 ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைமீது ஏறினார். அவரும் அவருக்குப்பின் வந்த ஆங்கிலேயரும் பள்ளங்களில் அடர்ந்து நின்ற சோலைகளையும், மேடுகளில் பரந்து கிடந்த புல்வெளிகளையும் கண்டனர். சோலையைக் காடென மதித்தவர்கள், புல்வெளியை மரமற்ற வெறுநிலம் எனக் கருதினர். அக்கருத்தின் விளைவையே இன்று கூற விரும்புகிறேன்.

உதகையின் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. சோலைகள் வெட்டுண்டு குறையவே, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் தைலமரமும் கொணர்ந்து நட்டனர். அவை விரைந்து வளர்ந்து விறகுப் பஞ்சத்தைத் தீர்த்தன; அதை மறுப்பதற்கில்லை. விடுதலைக்குப் பின்னரோ, தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் ஆலைக்காகவும் நம்மவரே புல்வெளிகளில் அவற்றை மிகுதியாக நட்டனர். பழி முழுவதையும் ஆங்கிலேயர் தலையில் சுமத்துதல் வரலாறாகாது.

அந்நிலம் வெறுநிலமன்று. மலைச் சதுப்புகளில் படிந்த மக்கிய மண்ணை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் பரந்திருந்ததை அறிந்தனர். வரையாட்டுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அதுவே இடம். பெய்த மழையைத் தேக்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவதும் அப்புல்வெளியே. கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பொன்றில் தைலமரம் நட்டுச் சோதித்தபோது, ஓடைநீர் குறைந்தது. மலையோடைகள் பவானியைச் சேர்வன என்பதை எண்ணினால், சமவெளி உழவனுக்கும் இதில் பங்குண்டு என்பது விளங்கும்.

தோடர்களின் வாழ்வோ அப்புல்லோடு பின்னிப் பிணைந்தது. அவர்தம் எருமைகள் மேய்ந்தது அங்கே. பால் கறந்து பதப்படுத்தும் இடமே அவர்க்குக் கோயில். அக்கோயிலுக்குக் கூரை வேய்வதும் மலைப்புல்லாலேயே. புல் அரிதானால் கூரை வேயும் சடங்கும் தடைப்படும். வறண்ட காலத்தில் முதிர்ந்த புல்லைச் சிறிது சிறிதாக எரித்து, புதுத்தளிர் வரச்செய்வது அவர் வழக்கம். வனச் சட்டங்கள் அதைத் தடுத்தன. எழுத்தறியா மக்களின் மூடப்பழக்கம் என அதனைத் தள்ளியோர், அவர்களை ஒருமுறை கேட்டிருக்கலாம்!

இன்று சீகையை வெட்டியகற்றும் பணி நடைபெறுகிறது. அது எளிதன்று. மண்ணுள் உறங்கும் அதன் விதைகள் நெடுநாள் கழித்தும் முளைக்கும். தீப்பட்டால் இன்னும் மிகுதியாக முளைக்கும். ஆகையால் முன்பு புல்லைக் காத்த தீயே, சீகை புகுந்த இடத்தில் சீகையை வளர்ப்பதாகிவிட்டது. வெட்டிய இடத்தில் நாற்றங்காலில் வளர்த்த மலைப்புல்லைக் கையால் நடவேண்டியுள்ளது. எப்புல் எங்கு முளைத்தது, எது கூரைக்காகும், எது எருமைக்காகும் என்று சொல்லத்தக்க தோட முதியவர்கள் இன்றும் மந்துகளில் இருக்கின்றனர்.