முன்னொட்டு உதிர்ந்த கதை

சமய வரலாற்றுச் சிறுநூல்களைத் திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. வழிபாட்டுக் கூடத்தின் வாயிலில் சிறுவிலைக்கு விற்கப்படுவன. ஒரே இருப்பில் படித்து முடிக்கத்தக்கன. ஆயினும் கடல் கடந்து வேற்றுமொழிகளில் குடியேறுவன பெரும்பாலும் இவையே. ஆயிரம் பக்கப் பெருநூல்கள் பிறந்த மொழியின் நூலகத்திலேயே தங்கிவிடுகின்றன.

பாப்டிஸ்டு சபையாரிடையே அவ்வாறு நெடும்பயணம் சென்ற சிறுநூல் ஒன்று, 'இரத்தச் சுவடு' எனப் பொருள்படும் தலைப்புடையது. டெக்சாஸ் மாநிலத்து ஜே.எம். கேரல் ஆற்றிய ஐந்து சொற்பொழிவுகளின் தொகுப்பான இது, 1931இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் அச்சேறியது. ஸ்பானியம், போர்த்துகீசியம் உள்ளிட்ட மொழிகளுக்கும் சென்றது. இயேசுவின் காலம் தொட்டு இன்றுவரை பாப்டிஸ்டு நெறி அறுபடாத தொடராக வந்துள்ளது, அத்தொடரைக் கொல்லப்பட்டோரின் குருதியைக் கொண்டே தடம் காணலாம் என்பது நூலின் கோட்பாடு. உடன் இணைக்கப்பட்ட கால வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நூற்றாண்டுகளைக் கடந்து செல்லும். படிப்பறிவு குறைந்தோரையும் ஈர்த்தது அவ்வரைபடமே எனலாம்.

நூலின் வாதத்தில் ஒரு முடிச்சு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் குழந்தைத் திருமுழுக்கை மறுத்து, வளர்ந்தோருக்கு மீண்டும் அதனை அளித்தவர்களை எதிரிகள் 'அனாபாப்டிஸ்டு' என அழைத்தனர். 'அனா' என்னும் கிரேக்க முன்னொட்டு 'மீண்டும்' எனப் பொருள்படும். நாளடைவில் அம்முன்னொட்டு உதிர, எஞ்சிய பெயரே 'பாப்டிஸ்டு' என்கிறார் கேரல். ஆங்கிலச் செவிக்கு இது தானே விளங்கும் உண்மை போல ஒலிக்கிறது. ஒலிப்பதற்குக் காரணம் வரலாறு அன்று; ஆங்கிலம் 'பாப்டிசோ' என்னும் கிரேக்க வினையை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டதே காரணம்.

நூல் வேறு மொழிக்குள் புகுந்தவுடன் முடிச்சு அவிழ்கிறது. ஜெர்மானிய மொழியில் பதினாறாம் நூற்றாண்டினர் 'டாய்ஃபர்'. பகைவர் வாயில் 'வீடர்டாய்ஃபர்'. 1834இல் ஹாம்பர்க் நகருக்கருகே எல்பே ஆற்றில் முழுக்குப் பெற்ற யோகான் ஒன்கென் வழியினரோ 'பாப்டிஸ்டன்'. இரு பெயர்க்கும் ஒலியுறவு இல்லை. சீனத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது. பாப்டிஸ்டு சபையின் பெயரில் அமிழ்தலைக் குறிக்கும் 'ஜின்' என்னும் எழுத்து நிற்கிறது. அனாபாப்டிஸ்டுகளின் பெயரிலோ கழுவுதலைக் குறிக்கும் 'ஷி'. இவ்விரு எழுத்துகளின் பொருட்டே சீன விவிலியம் தனித்தனிப் பதிப்புகளாக அச்சிடப்பட்டதுண்டு. முன்னொட்டு உதிர்ந்த கதையை அங்கே எப்படிச் சொல்வது?

இச்சொற்பூசல் பழமையானது. கல்கத்தாவில் யேட்ஸ், பியர்ஸ் என்போர் செய்த வங்க மொழிபெயர்ப்பில் அவ்வினை அமிழ்த்துதல் எனப் பெயர்க்கப்பட்டமையால் விவிலியச் சங்கங்கள் பொருளுதவியை மறுத்தன. பாப்டிஸ்டுகள் அமெரிக்காவில் 1836இலும் இங்கிலாந்தில் 1840இலும் தனிச் சங்கங்களை நிறுவிக்கொண்டனர். ஒரு வினைச்சொல்லுக்காக இரு நாடுகளில் சங்கங்கள் பிளந்தன என்பது சொல்லோடு வாழ்வோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. பர்மாவிலோ சபையின் பெயரே 'அமிழ்தல் கிறித்தவர்' எனப் பொருள்படும் பர்மியச் சொல்லாயிற்று.

தமிழில் இந்நூலைப் பெயர்ப்பவர் எதிர்கொள்ளும் இடர் இதற்கு நேர்மாறானது. சீர்திருத்தச் சபையாரின் நெடுநாள் வழக்கு 'ஞானஸ்நானம்'. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்றது. காவிரியில் ஐப்பசித் துலா முழுக்கும், மயிலாடுதுறைக் கடைமுழுக்கும், கால் தளர்ந்தவனுக்கெனக் கார்த்திகை முதல் நாளில் வரும் முடவன் முழுக்கும் அறிந்த தமிழர்க்கு முழுக்கு என்றால் தலை நனைய மூழ்குதலே. (ஒன்றை அறவே கைவிடுதலையும் 'முழுக்குப் போடுதல்' என்பது நம் வழக்கு, மனமாற்றத்திற்கு இதனினும் பொருந்தும் தொடர் அரிது.) எனவே 'மறுமுழுக்கர்' என்று பெயர்த்துப் பின் 'மறு' உதிர்ந்து 'முழுக்கர்' ஆயினர் என்றால், கேரலின் வாதம் ஆங்கிலத்தினும் எளிதாகத் தமிழில் கரையேறிவிடும்.

அவ்வெளிமையே ஐயத்திற்குரியது. 1525 சனவரியில் சூரிக் நகரில் கான்ராடு கிரேபல், ஜார்ஜ் பிளாரக்குக்கு அளித்த முதல் மறுதிருமுழுக்கில் எவரும் மூழ்கவில்லை, தண்ணீர் ஊற்றப்பட்டது. 'மறுமுழுக்கர்' எனப் படிக்கும் தமிழர் மனத்தில் ஆறும் படித்துறையும் தோன்றும். சூரிக் வீட்டில் நிகழ்ந்த செயல் அக்காட்சியில் மறைந்தே போகும். அவ்வியக்கத்தார் தண்டனையாகவும் தண்ணீரில் அமிழ்த்தப்பட்டனர். 1527 சனவரியில் ஃபெலிக்ஸ் மான்ஸ் கட்டுண்ட நிலையில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். மறுமுறை நீராடியோர்க்கு நீரே தண்டம் என்ற நகரமன்றத்தின் கொடிய எள்ளலைத் தமிழில் காக்க வேண்டுமாயின், சடங்கிற்கு ஒரு சொல்லும் கொலைக்கு வேறொரு சொல்லும் தேர்ந்தாக வேண்டும்.

அறுபடாத் தொடர் என்னும் கோட்பாடே பின்னாளில் ஆய்வாளரால் பெரிதும் கைவிடப்பட்டது. கேரலுக்கு முன்பே, தென்னகப் பாப்டிஸ்டு இறையியற் கல்லூரித் தலைவர் வில்லியம் விட்சிட், ஆங்கிலப் பாப்டிஸ்டுகள் மூழ்கு முறையை 1641 அளவிலேயே மேற்கொண்டனர் என எழுதினார். எழுந்த எதிர்ப்பில் 1899இல் பதவி துறக்க நேர்ந்தது. ஆங்கில வாசகரின் அலமாரியில் கேரலுக்கு அருகே 1950இல் வெளிவந்த டார்பெட்டின் விரிவான வரலாறும் நிற்கும். ஒன்றை மற்றொன்றால் அளந்துகொள்ளலாம். வேற்றுமொழிச் சிற்றூர்ச் சபையிலோ அச்சிறுநூல் ஒன்றே வரலாறு. அங்கு மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பில் எழுதும் நான்கு வரிகளே விட்சிட்டின் இடத்தில் நிற்கின்றன. அவை இல்லாத பதிப்பிலும் சிவப்புப் புள்ளிகள் அப்படியே அச்சாகின்றன. அவற்றிற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை.