விண்வெளிச் செலவும் வறியோர் வினாவும்

அரசன் பொருள் தொடர்பாக ஆற்றவேண்டிய கடமைகளை இறைமாட்சி அதிகாரத்தில் நான்காக வைத்துரைத்த திருவள்ளுவர், வகுத்துச் செலவிடுதலை அவற்றின் இறுதியில் நிறுத்தினார். பொருளை ஆக்குவதிலும் காப்பதிலும் கருத்து வேற்றுமை அதிகம் எழுவதில்லை. வகுப்பதிலேதான் எக்காலத்தும் வழக்கு எழுகின்றது. பசித்தோர் பலர் வாழும் நாட்டிலே விண்வெளி ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமோ என்னும் வினா அவ்வழக்கின் ஒரு வடிவமாகும். அமெரிக்க ஐக்கிய நாடு சந்திரனை நாடிய 1961 முதல் 1972 வரையான காலத்திலே இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது. அவ்வரலாறு தரும் விடை யாதென ஈண்டு ஆராய்வாம்.

1957 ஒக்டோபர் 4இல் சோவியத்து ஒன்றியம் முதலாவது செயற்கைத் துணைக்கோளை ஏவியது. 1961 ஏப்பிரல் 12இல் அந்நாட்டவரான யூரி ககாரின் பூமியை வலம்வந்தார். ஆறு கிழமைகள் கழிந்தபின், மே 25இல், சனாதிபதி கெனடி அப்பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்க வேண்டுமெனக் காங்கிரசில் அறிவித்தார். ஐந்தாண்டுகளில் 700 முதல் 900 கோடி டொலர் வரை மேலதிகமாக வேண்டுமென அன்று கூறினார். 1973இல் காங்கிரசுக்குக் காட்டப்பட்ட கணக்கின்படி அப்பலோத் திட்டத்தின் மொத்தச் செலவோ ஏறத்தாழ 2,540 கோடி டொலர். 1966ஆம் ஆண்டளவில் மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு நான்கிற்கு மேற்பட்ட பங்கு நாசா நிறுவனத்துக்குச் சென்றது.

இத்துணைச் செலவிற்கு அறிவுவேட்கை மட்டுமே காரணமென்று கொள்ளுதல் பொருந்தாது. 1962 நவம்பரில் நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் உரையாடியபோது, தமக்கு விண்வெளியில் அவ்வளவு ஈடுபாடு இல்லையென்றும், சோவியத்தை முந்துதலே முதன்மையானதென்றும் கெனடி கூறினார். பின்னாளில் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவு இதனைக் காட்டுகின்றது. முன்னாட் சனாதிபதி ஐசனோவர் இத்திட்டத்தைக் கண்டித்தார். சமூகவியலறிஞர் அமித்தாய் எற்சியோனி 1964இல் இதற்கெதிராக ஒரு நூலே எழுதினார்.

எனினும், இவர்கள் எல்லாரினும் உரத்து ஒலித்தது வறியோரின் குரலே. மாட்டின் லூதர் கிங் 1968இல் கொலையுண்டபின் அவருடைய இயக்கத்தின் தலைமையை ஏற்றவர் ரால்ப் அபெர்நாதி என்னும் போதகர். அப்பலோ 11 புறப்படுதற்கு முதல்நாள், 1969 யூலை 15இல், அவர் வறியோர் பலரை அழைத்துக்கொண்டு, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளுடன் புளோரிடாவிலுள்ள ஏவுதளத்தை அடைந்தார். நாட்டு மக்களுள் ஐந்திலொரு பங்கினர் போதிய உணவும் உடையும் உறையுளும் மருத்துவமும் இன்றி வாடுகின்றனர் என அவர் முறையிட்டார். நாசாவின் அந்நாளைய தலைவர் தோமஸ் பெயின் திறந்தவெளியிலே அவரை எதிர்கொண்டார். ஏவும் பொத்தானை அழுத்தாது விடுவதால் வறுமை நீங்குமாயின் அதனை அழுத்தமாட்டோம் என்றார் பெயின். சந்திரனை அடைதலினும் வறுமையை ஒழித்தல் மிகக் கடினமானதென்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். வந்தவர்களுட் சிலர் மறுநாள் ஏவுதலைக் காண்பதற்கு இடமளித்தார். அபெர்நாதியும் விண்வெளி வீரர்களின் நலனுக்காகப் பிரார்த்தித்தார்.

பெயின் கூறிய விடை மெய்யா, வெறும் சாதுரியமா என்பதனை வரலாற்றைக்கொண்டே அளத்தல் வேண்டும். அமெரிக்க அரசின் கணக்குப்படி 1959இல் நூற்றுவருள் ஏறத்தாழ 22 பேர் வறியோராயிருந்தனர். 1969இல் அத்தொகை 12 ஆகக் குறைந்தது. சந்திரனுக்காகப் பணம் மிகுதியாகச் செலவான பத்தாண்டிலேதான் வறுமை மிகுதியாகக் குறைந்தது. வறியோர்க்கான உணவுச் சட்டம் 1964இலும், முதியோர்க்கும் வறியோர்க்குமான மருத்துவச் சட்டங்கள் 1965இலும் நிறைவேறின. பின்னர் 1970இல் மூன்று சந்திரப் பயணங்கள் கைவிடப்பட்டன. 1972 டிசெம்பரோடு அப்பயணங்கள் முடிவுற்றன. 1975இல் நாசாவின் பங்கு நூற்றுக்கு ஒன்றளவாகச் சுருங்கியது. ஆயினும் 1983இல் வறியோர் தொகை நூற்றுக்கு 15ஐத் தாண்டிவிட்டது. வறுமையின் ஏற்றத்தாழ்விற்கு வேலைவாய்ப்பு, விலையேற்றம் முதலிய காரணங்கள் பல உண்டு. விண்வெளிச் செலவைக் குறைத்தால் அப்பணம் தானாகவே ஏழையின் கலத்தில் வந்து விழும் என்னும் எண்ணத்துக்கு மாத்திரம் இவ்வரலாற்றில் ஆதாரமில்லை.

அவ்வாறாயின் வறியோரின் வினா பிழையானதோ? அன்று. வானிற் செலவிட்ட பணம் தானாகவே மண்ணிற் பயன்தரும் என்பதும் அதேபோல் ஆதாரமற்றது. மனிதன் சந்திரனில் நடந்து பதினாறு மாதங்களின் பின், 1970 நவம்பரில், வங்காள விரிகுடாவில் எழுந்த சூறாவளியை வானிலைத் துணைக்கோள்கள் கண்டன. ஆனால் கிழக்குப் பாகித்தானின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை உரியவாறு சென்றடையவில்லை. அவர்களுள் மூன்று இலட்சத்திற்குக் குறையாதோர் மாண்டனர். 2013 ஒக்டோபரில் அதே கடலில் எழுந்த பெரும்புயல் ஒன்று ஒடிசாவைத் தாக்கியபோது, அதற்கு முன்னரே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். இறந்தோர் தொகை நூற்றுக்குட்பட்டது. வானிலே கண் இரு காலத்தும் இருந்தது. மண்ணிலே கை பிற்காலத்திற்றான் ஆயத்தமாயிருந்தது.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் இந்திய அறிஞர் விக்கிரம் சாராபாய். கேரளத்தின் தும்பா என்னும் மீனவச் சிற்றூரில், தேவாலயமொன்றைப் பணிமனையாகக் கொண்டு, 1963 நவம்பர் 21இல் அந்நாட்டின் முதலாவது ஆராய்ச்சி றொக்கற் ஏவப்பட்டது. செல்வ நாடுகளோடு போட்டியிடுதல் தம் நோக்கமன்று. மக்களின் மெய்யான குறைகளைத் தீர்ப்பதற்கு உயர்ந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என அவர் விளக்கினார். 1971இல் அவர் மறைந்தார். 1975–76இல், அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்ற துணைக்கோளின் வாயிலாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய ஒளிபரப்புச் சென்றது. அந்நாடே 2023 ஓகத்தில் சந்திரனில் கலமொன்றை இறக்கியபோது பழைய வினா மீண்டும் எழுந்தது, எழுதல் முறையுமாகும்.

பொதுப்பணம் மக்களுடையது. ஆதலின் அது வானுக்குச் செல்லினும் மண்ணுக்குச் செல்லினும், எதற்காக, யாருக்காக என்று கேட்கும் உரிமை வறியோர்க்கு உண்டு. விண்வெளி ஆராய்ச்சியை நிறுத்துதல் அவ்வினாவிற்கு விடையாகாது. அதன் பயனைக் கடைக்கோடி மனிதனிடம் சேர்க்கும் ஏற்பாட்டையும் உடன்செய்தலே விடையாகும். அவ்வேற்பாடு இல்லாவிடத்து, செலவு எத்துணைச் சிறிதாயினும் வீணே. வகுத்தலை இறுதிக் கடமையாக வைத்த புலவர் கருத்தும் இதனோடு ஒத்ததெனக் கொள்ளல் தகும்.