கொம்பு நிற்கும் இடம்: தோட்டத்து அச்சுத் தமிழும் திறமூல நிரலாளரும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம் மலாயாவின் வேளாண் வரலாற்றில் பெயர் பெற்றது. ஆங்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் செம்பனையை வணிக நோக்கில் முதன்முதலாகப் பயிரிட்டது அங்கேதான். அத்தோட்டப் பெயரின் முதலெழுத்தையே இவ்வுரைக்குச் சான்றாகக் கொள்கிறோம்.

'தெ' என எழுதும் கை முதலிற் கொம்பை இடுகிறது. பின்னரே தகரத்தை வரைகிறது. நாவோ தகர மெய்யை முன்னும் எகரத்தைப் பின்னும் ஒலிக்கிறது. கணினி எவ்வரிசையைச் சேமித்தல் வேண்டும்? சிறு வினாதான், ஆயினும் நிரலாளர் இதனைப் பல்லாண்டுகள் வாதிட்டனர்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற முன்னோடி முயற்சிகளாலேயே கணினியில் தமிழ் வேரூன்றியது. அக்காலத்து எழுத்துருக்கள் பெரும்பாலும் கைவரிசையையே பின்பற்றின. ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியேற்றம் வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட விழா மலர் வேறோர் எழுத்துருவில் வெறும் குறிக்கூட்டமாயிற்று. 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளுக்கு இக்குழப்பமே பெரும் பொருளாய் அமைந்தது.

1991இல் வெளிவந்த ஒருங்குறி நாவின் வரிசையை ஏற்றது. அம்மரபில் தகரமும் அதன்பின் கொம்பும் சேமிக்கப்படும். கொம்பை இடப்புறம் நகர்த்திக் காட்டுதல் மென்பொருளின் கடமை. அக்கடமையைச் செய்யாத மென்பொருளில் கொம்பு தகரத்தை விட்டு னகரத்தின்முன் போய் நின்றது. தோட்டத்தின் பெயரே படிக்கவியலாததாயிற்று.

திறமூல வடிவமைப்பு மென்பொருள்கள் இதனை ஒரே காலத்தில் தீர்க்கவில்லை. சோடிபோடியிலிருந்து 2003இல் பிரிந்த இங்க்ஸ்கேப், எழுத்துக் கோக்கும் பணியைப் பாங்கோ என்னும் பொது நிரலகத்திடம் ஒப்படைத்தது. கிம்ப்பும் அவ்வழியே சென்றது. ஆதலால் சுவரொட்டிக்கும் அழைப்பிதழுக்கும் தமிழ் கிட்டியது. பல பக்க மலர்களைக் கோப்பதற்குரிய ஸ்கிரைபஸ்தான் பின்தங்கியது. 2017இல் வந்த அதன் 1.5.3 சோதனைப் பதிப்பிலேயே ஹார்ஃபஸ் நிரலகத்தின் துணையுடன் இவ்வசதி சேர்ந்தது. 2024இல் வெளியான 1.6 நிலைப்பதிப்பு வரை எளிய பயனர் காத்திருக்க நேர்ந்தது. இதிற் பெரும்பங்கு ஓமான் நாட்டுத் திறமூலக் குழுவினருடையது. அரபு எழுத்துக்காக அவர்கள் உழைத்தனர். பயன் தமிழுக்கும் வந்தது. நம்மவர் ஆற்றலோ 247 எழுத்துகளுக்கும் தனி இடம் கேட்கும் வாதத்தில் மிகுதியாகச் செலவாயிற்று. அவ்வழியில் எழுந்த டேஸ்16 குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அவ்வுழைப்பிற் பாதியேனும் பக்க வடிவமைப்பு நிரல்களுக்குச் சென்றிருக்கலாம் என்பதே எம் கருத்து.

இதற்கிடையே வட சிலாங்கூரில் பால்மரக் காடுகள் செம்பனையாயின, சில தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின, மக்கள் வெளியேறினர், பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன. தோட்டப் பள்ளி மலரும் கோயில் திருவிழா அறிக்கையும் அம்மக்களின் ஆவணங்களாக எஞ்சுகின்றன. பழைய குறியேற்றத்தில் அமைந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற இன்று கருவிகள் உள்ளன. ஆனால் எந்த எழுத்துருவில் தட்டச்சிட்டது என்பது தெரிந்தாலன்றி அவை செவ்வனே இயங்கா. பள்ளி நிலைப்பேழையிற் கிடக்கும் பழைய வட்டுகளின் மேலுறையில் அவ்வெழுத்துருவின் பெயர் உள்ளதா என்பதை ஆசிரியர்கள் முதலிற் பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும்.