கங்ஹ்வா: குதிரையை நிறுத்திய சேறு

கொரிய வரைபடத்தில் சியோலில் இருந்து ஹான் ஆற்றோடு மேற்கே வாருங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில், வாசலை அடைத்த மாதிரி ஒரு தீவு இருக்கும். அதுதான் கங்ஹ்வா. பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர். வடகரையில் நின்றால் எதிரே வட கொரியா தெரியும்.

1231இல் மங்கோலியர் படையெடுத்தார்கள். மறு வருடமே கொர்யோ அரசு தலைநகரை இந்தத் தீவுக்கு மாற்றிக்கொண்டது. நிலத்துக்கும் தீவுக்கும் நடுவே குறுகிய கடல்தான். ஆனால் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. குதிரைப் படை என்ன செய்யும்? 1270 வரை, 38 வருடங்கள், அரசவை இங்கேயே இருந்தது.

தப்பித்தது அரசவை மட்டும்தான். 1254இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் சிறைபிடிக்கப்பட்டதாகக் கொர்யோவின் வரலாற்று நூலே சொல்கிறது. அந்தக் காலத்தில்தான், புத்தர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில், திரிபிடகத்தை 80,000க்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் செதுக்கினார்கள். 1251இல் முடிந்த வேலை. பலகைகள் இன்றும் ஹேயின்சா கோயிலில் பத்திரமாக இருக்கின்றன.

தீவின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. 1637இல் மஞ்சு படை படகேறி வந்து தீவைப் பிடித்தது. அப்படியும், பத்திரமான இடம் என்று 1782இல் அரச நூலகம் ஒன்றை இங்கேதான் கட்டினார்கள். அரச திருமணம், இறுதிச் சடங்கு எல்லாம் எப்படி நடந்தன என்று படத்தோடு எழுதிய 'உய்க்வே' நூல்கள் அங்கே இருந்தன.

1866இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. பாதிரியார்களைக் கொன்றதற்குப் பழிவாங்கலாம். முந்நூறுக்கும் மேற்பட்ட நூல்களை எடுத்துக்கொண்டு மீதியை எரித்தார்கள். குதிரையைத் தடுத்த தண்ணீர்தான் கப்பலுக்கு வழிவிட்டது.

1975இல், பாரிஸ் தேசிய நூலகத்தில் வேலை பார்த்த பாக் பியோங்சோன் என்ற கொரியப் பெண்மணி 297 உய்க்வே நூல்களைக் கண்டுபிடித்தார். 1993இல் ஒன்று, 2011இல் மீதி 296 ஊர் திரும்பின. அதுவும் எப்படி? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இரவலாக!

சியோல் பக்கம் போனால் தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றைப் பாருங்கள். சொந்த வீட்டுப் பொருளை இரவல் வாங்கி வைத்திருக்கிறார்கள்.