சேகரிப்பும் வீட்டின் இடமும்

மனிதன் பொருள் சேர்ப்பது இருவகைப்படும். பிழைப்புக்காகச் சேர்ப்பது ஒன்று. பிரியத்துக்காகச் சேர்ப்பது மற்றொன்று. முன்னதற்கு வீட்டில் எப்படியும் இடம் கிடைத்துவிடும். நெற்குதிருக்கும் புளிப்பானைக்கும் ஒரு மூலை ஒதுக்காத இல்லம் உண்டோ? பின்னதற்குத்தான் இடத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. தபால் தலையோ, நாணயமோ, பழம் பாத்திரமோ, புத்தகமோ, சேகரிப்பவரின் நாட்டம் எதுவாயினும், "இது எத்தனை இடத்தை அடைக்கிறது?" என்ற கேள்வி வீட்டாரிடமிருந்து ஒருநாள் எழுந்தே தீரும். அக்கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கண்ணால் காண விரும்புவோர்க்குக் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி ஏற்ற இடம்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெரு நெடுங்காலம் மிளகுக்கும் இஞ்சிக்கும் பேர்போனது. இந்திய மிளகு வணிகச் சங்கம் 1957-இல் அங்கேதான் தொடங்கப்பெற்றது. உயர்ந்த கூரையும் அகன்ற கதவுகளும் கொண்ட கிடங்குகள் அத்தெருவின் இருமருங்கிலும் நின்றன. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியதும், அடுத்த பத்தாண்டுகளுக்குள் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். பரதேசிப் பிரிவினரும் பின்னர்ச் சிறிது சிறிதாகப் புறப்பட்டனர். கப்பலேறுகிறவர் தேக்குக் கட்டிலையும் கண்ணாடி அலமாரியையும் சுமந்து செல்ல இயலுமோ? நறுமணப் பொருள் வாணிகமும் வேறிடங்களுக்கு நகர, வெறுமையான கிடங்குகள் பல பழம்பொருள் கடைகளாக மாறின. வீடுகள் கலைந்தபோது வெளிவந்த பொருள்களுக்கு, மூட்டைகள் நீங்கிய கிடங்குகள் புகலிடமாயின எனலாம்.

இடமே பிடிக்காத சேகரிப்பு ஒன்றும் அத்தெருவில் உண்டு. 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தின் தரையில் பதித்த சீன ஓடுகளே அவை. 18ஆம் நூற்றாண்டில், எசெக்கியேல் ரகாபி என்னும் பெருவணிகரின் காலத்தில் வந்தவை. வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரங்கள் கையால் தீட்டப்பெற்றவை. காலின் கீழ் கிடக்கும் பொருளுக்கு அலமாரி எதற்கு?

இனி, சிறியவற்றைப் பார்ப்போம். கொச்சி சமஸ்தானம் தனக்கென "அஞ்சல்" என்ற தபால் முறையை வைத்திருந்தது. அதன் முதல் தபால் தலைகள் 1892-இல் வெளிவந்தன. மதிப்பு அணாவில் அன்று, "புத்தன்" என்னும் உள்நாட்டு நாணயக் கணக்கில். ஆறு புத்தன் ஐந்து அணாவுக்குச் சமம். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையில் கரைந்தது. ஆக, அறுபது ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த ஓர் அரசின் கடிதப் போக்குவரத்து முழுவதும், நான்கு விரற்கடைக் கனமுள்ள ஓர் ஆல்பத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு ராஜ்யத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கலாம்!

நாணயமும் இடத்தை மிகுதியாகக் கேட்பதில்லை, எடையைத்தான் கேட்கிறது. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக் கம்பெனியின் செப்புக் காசுகளில் வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். தமிழர் கண்ணுக்கு உடனே தூத்துக்குடிக் கப்பலோட்டியவரின் நினைவுதான் வரும். அந்நியக் கம்பெனியின் கப்பலோட்டத்தை எதிர்த்த நம்மவரின் முதலெழுத்துகள் மற்றோர் அந்நியக் கம்பெனியின் முத்திரையோடு ஒத்துப்போனது விநோதமே. தீப்பெட்டிப் படங்களோ எல்லாவற்றிலும் எளியவை. சுவீடனிலும் ஜப்பானிலும் நம் தெய்வங்களை அச்சிட்டு நமக்கே விற்ற காலத்துப் படங்களும், பின்னர்ச் சிவகாசியில் அச்சான படங்களும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் அருகருகே அமர்ந்துவிடும்.

பாத்திரமும் மரமும் அப்படி அடங்குபவை அல்ல. ஓர் உருளியைச் சுவரில் மாட்ட முடியாது. ஒரு தூணைப் பெட்டிக்குள் மடிக்க முடியாது. மட்டாஞ்சேரிக் கடைகளில் ஆள் இறங்கி நிற்கத்தக்க வெண்கல வார்ப்புகளையும், சுண்டன் வள்ளத்தையுங்கூடக் காணலாம். இவற்றைக் கண்டு வியக்கிறவர் பலர். வீட்டுக்குக் கொண்டு போகத் துணிகிறவர் சிலர். அரண்மனைக்கே அவை தகும். 1555-ஐ ஒட்டிப் போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்து, 1663-க்குப் பின் டச்சுக்காரர் பழுது பார்த்த மட்டாஞ்சேரி அரண்மனையில், பல்லக்குகள் ஒரு கூடத்தில் தாராளமாக வீற்றிருப்பதைப் பார்க்கும்போது இது விளங்குகிறது.

செட்டிநாட்டு வீடுகளும் ஏறத்தாழ அரண்மனைகளே. பெண்ணுக்குச் சீராக வந்த பித்தளையும் பீங்கானும் எனாமல் தூக்குகளும் அறை அறையாகப் பூட்டி வைக்கப்பெற்றன. பர்மாவிலும் மலேயாவிலும் வாணிகம் குலைந்து குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறியபின், வீட்டைப் பராமரிப்பதே பெருஞ்சுமையாயிற்று. பூட்டிய அறைகள் திறந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகின. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இக்கதை புதிதன்று. ஊரிலுள்ள பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த அண்டாவை எவரோ எடைக்குப் போட்டுவிட்டார் என்ற செய்தி, இரண்டு மாதம் கழித்துக் கடிதத்திலோ தொலைபேசியிலோ வந்து சேரும். எடைக்குப் போனது உலையில் உருகும். கடைக்குப் போனதாவது உருவத்தோடு பிழைக்கும். அவ்வகையில் பழம்பொருள் வணிகரை முற்றும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் சிலை, ஓவியம் போன்றவை நூறாண்டு கடந்தவையாயின், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

எல்லாவற்றிலும் பேராசை கொண்டது புத்தகமே. ஒன்றாக வரும்போது விருந்தாளி, ஆயிரமாகும்போது வீட்டுக்காரன். இங்கிலாந்தில் சர் தாமஸ் பிலிப்ஸ் (1792–1872) என்பவர் உலகிலுள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு படி வேண்டுமென்று விரும்பினார். ஏறத்தாழ 60,000 கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டினார். 1863-இல் அவற்றைச் செல்டன்ஹாம் நகரிலுள்ள பெரிய மாளிகைக்கு மாற்றத் தொடங்கியபோது நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் தேவைப்பட்டன. அவர் மறைந்தபின் அத்தொகுதி ஒரே இடத்தில் நிலைக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாக ஏலத்தில் சிதறிக்கொண்டேயிருந்தது.

நம் நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இதே வேட்கை கொண்டவர். பணமோ அத்தனை இல்லாதவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் எனப் பிறர் குப்பையில் எறிந்ததையெல்லாம் கோட்டையூரில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. எனினும் கடல் கடந்து கொண்டு செல்லவில்லை. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நுண்படச் சுருள்களில் பக்கங்கள் பதிவாகத் தொடங்கின. ஓர் அலமாரியளவு காகிதம் சில சுருள்களுக்குள் அடங்கிற்று. பிலிப்ஸுக்கு வாய்க்காத பேறு கோட்டையூராருக்கு வாய்த்தது.

இரண்டு அறை வாடகை வீட்டில், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்ற உத்தரவை எதிர்நோக்கி வாழும் மத்திய அரசு ஊழியர் போன்றோர்க்கு இவற்றுள் எது ஏற்றது? அண்டா அன்று, தூண் அன்று. கோட்டையூரார் காட்டிய துண்டுக் காகித வழி ஏற்றதெனத் தோன்றுகிறது. தாத்தாவின் ரங்கூன் கடிதங்கள், பெற்றோரின் திருமண அழைப்பிதழ், ஊர்க் கோயில் குடமுழுக்குப் பத்திரிகை, தமிழ்ச் சங்க ஆண்டு மலர் யாவும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கும். லாரியில் அரைச் சாண் இடமே கேட்கும்.

கொச்சியில் மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை. இடவப்பாதி மழை தொடங்கியபின், காகிதத்துக்குப் பூஞ்சணமும் பித்தளைக்குப் பச்சைக் களிம்பும் பசையுள்ள தபால் தலைக்கு ஒட்டலும் தவறாமல் வரும். ஆகவே பொருள் அடைக்கும் இடத்தோடு காற்று உலவும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பண்டக சாலைகளில் மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்கமாட்டார்கள். மரச்சட்டங்களின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்குவார்கள். தகரப் பெட்டிக்கும் அதே முறைதான்: அடியில் இரண்டு சட்டம், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு விரற்கடை வெளி.