நல்வாழ்வு அளவீடு: மானிப்பாயும் யாழ்ப்பாணக் குடாநாடும்

ஒரு சமூகம் எவ்வளவு பொருளை உற்பத்தி செய்தது என்பதோடு நின்றுவிடாமல், அங்குள்ள மக்கள் எவ்வளவு காலம், எத்தகைய உடல்நலத்தோடு, எவ்வளவு கல்வியோடு வாழ்கிறார்கள், அவ்வாழ்வு அடுத்த தலைமுறைக்கும் கிடைக்குமா என்று கணக்கிடும் முயற்சியே நல்வாழ்வு அளவீடு. நிலைபேறான அபிவிருத்தி பற்றிய ஆய்வுகளில் இது ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. குறைந்த வருமானத்திலும் மக்கள் நீண்ட ஆயுளும் எழுத்தறிவும் பெறலாம் என்பதற்கு இத்துறை அடிக்கடி எடுத்துக்காட்டும் நாடுகளில் ஒன்று இலங்கை. அந்த எடுத்துக்காட்டின் வேர்களில் சில யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியிலுள்ள மானிப்பாயில் ஊன்றியவை. அளவீட்டின் குறைகளையும் இவ்வூரிலிருந்தே தெளிவாகக் காணலாம்.

பின்னணி

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் கணக்கு 1930களின் பெருமந்தக் காலத்தில் உருவெடுத்தது. அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு 1934இல் அந்நாட்டுச் செனற் சபைக்கு அறிக்கை அளித்த சைமன் குஸ்நெட்ஸ், இந்த எண்ணைக் கொண்டு மக்களின் நலத்தை மதிப்பிட முடியாது என்று அதே அறிக்கையில் எச்சரித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த எச்சரிக்கை மறக்கப்பட்டது. வளர்ச்சி வீதமே அரசுகளின் வெற்றிக்கும் தோல்விக்கும் அளவுகோலாயிற்று. அதை மறுத்து எழுந்த மாற்று அளவீடுகளுக்கு இலங்கையின் அனுபவம் ஒரு முக்கியச் சான்றாக அமைந்தது.

அச்சகமும் மருத்துவக் கல்வியும்

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. மிசனின் அச்சகம் மானிப்பாயில் 1834இல் இயங்கத் தொடங்கியது. 1841இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' இதழும், 58,500 சொற்களைக் கொண்டு 1842இல் வெளியாகி 'மானிப்பாய் அகராதி' என்று பெயர்பெற்ற அகரவரிசை நூலும் அந்த அச்சகத்தின் ஆக்கங்கள். மிசனின் நோக்கம் மதமாற்றம். அதற்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1910இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி எழுந்ததும் அந்தச் சைவக் கல்வி மரபின் தொடர்ச்சியே. இரு தரப்பின் போட்டியால் குடாநாட்டில் பாடசாலைகள் பெருகின.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு இடம்மாறி மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் சம்பளத்தை நாடி வெளியூர்களுக்குப் போய்விடுவதையும், கிராமத்து நோயாளி மருத்துவர் இல்லாமலே இருப்பதையும் அவர் கண்டார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்', 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' உள்ளிட்ட பாடநூல்கள் அவருடைய முயற்சியில் தமிழாயின. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கு மேற்பட்டவர்கள். கிறீன் 1884இல் அமெரிக்காவில் காலமானார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை இன்றும் இருக்கிறது. 1898இல் அயலூரான இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்த முயற்சிகள் எவையும் தம் காலத்தில் எந்த வருமானக் கணக்கிலும் ஏறவில்லை. ஆயினும் பிற்கால மனித அபிவிருத்திச் சுட்டெண்ணின் மூன்று கூறுகளில் கல்வி, ஆயுள் ஆகிய இரண்டுக்கும் குடாநாட்டில் இட்ட அடித்தளங்களில் இவையும் அடங்கும்.

எண்ணத் தொடங்கிய காலம்

எண்ணிக்கை இல்லாமல் அளவீடு இல்லை. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் சட்டமாயிற்று. தீவு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, மருத்துவமாதுவை வீடு தேடி அனுப்பும் ஏற்பாடாகப் பின்னர் நாடெங்கும் பரவியது. கர்ப்பிணியின் பெயரும் குழந்தையின் நிறையும் ஏறிய அந்தப் பதிவேடுகளே நல்வாழ்வு அளவீட்டின் உண்மையான மூலாதாரம்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின் மக்கள்நலச் செலவு அரசியல் கோரிக்கையாயிற்று. 1942இல் அரிசிப் பங்கீடும், 1945 ஒக்ரோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தன. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளித்து மலேரியா ஒடுக்கப்பட்டது. உணவு, மருத்துவ வசதிகளின் விரிவும் சேர, 1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. ஓராண்டில் இவ்வளவு வீழ்ச்சி என்பது மக்கள்தொகை வரலாற்றில் அரிது.

உலக அரங்கில் இலங்கை

1979இல் மொறிஸ் டேவிட் மொறிஸ், எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதின் பின்னான ஆயுள் எதிர்பார்க்கை ஆகிய மூன்றையும் இணைத்து வாழ்க்கைத் தரப் பௌதிகச் சுட்டெண்ணை வெளியிட்டார். நூற்றுக்கு 80க்கு மேல் பெற்ற இலங்கை, தன்னைவிடப் பல மடங்கு வருமானமுள்ள நாடுகளை முந்தியது. இந்தியாவின் எண் இதில் ஏறத்தாழப் பாதி.

அமர்த்தியா சென் 1981இல் எழுதிய கட்டுரை, பொதுச் செலவால் மக்கள் வாழ்வை உயர்த்தலாம் என்பதற்கு இலங்கையை முன்னிறுத்தியது. பொருளியலாளர் சுர்ஜித் பல்லா இதை மறுத்தார். 1960இலேயே இலங்கையின் நிலை உயர்ந்திருந்தது என்பதும், அதன்பின் வந்த முன்னேற்றம் தனிச் சிறப்புடையதல்ல என்பதும் அவர் வாதம். அந்த உயர்ந்த தொடக்க நிலையும் முற்காலத்துப் பொதுமுயற்சிகளின் விளைவே என்று சென் 1988இல் பதிலளித்தார். மானிப்பாயின் வரலாறு சென்னின் பதிலுக்குத் துணை நிற்கிறது. தொடக்க நிலை தானாக உயர்வதில்லை. அச்சகமும் பாடசாலையும் மருத்துவமனையும் தலைமுறை தலைமுறையாக உழைத்து உயர்த்துவது அது.

1990இல் மஹ்பூப் உல் ஹக்கின் வழிகாட்டலில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கையை வெளியிட்டது. அதன் முன்பகுதியிலேயே இலங்கை இடம்பெற்றது: தலா வருமானம் 400 டொலர், ஆயுள் எதிர்பார்க்கை 71 ஆண்டுகள், வயதுவந்தோர் எழுத்தறிவு 87 வீதம். 2,020 டொலர் வருமானமுள்ள பிரேசிலில் ஆயுள் 65, எழுத்தறிவு 78 வீதம். 6,200 டொலர் வருமானமுள்ள சவூதி அரேபியாவில் ஆயுள் 64, எழுத்தறிவு 55 வீதம்.

சராசரியின் நிழல்

இந்தப் பெருமைக்குரிய எண்கள் யாவும் சராசரிகள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் கல்வியிலும் சுகாதாரத்திலும் நெடுங்காலம் அந்தச் சராசரிக்குக் கீழேயே வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்தில் சாதி அதே வேலையைச் செய்தது. 1924இல் தோன்றி, பின்னர் வாலிப காங்கிரசாக வளர்ந்த யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் தலைமையில் தீண்டாமைக்கு எதிராக நின்றது. ஆனால் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தபோது, எதிர்த்தவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு மாவட்டத்தின் எழுத்தறிவு உயர்ந்திருக்கலாம். அதே மாவட்டத்தில் ஒரு பிள்ளை வாங்கில் இருக்க இடமின்றித் தரையில் இருந்ததை அந்த எண் சொல்லாது. இத்தகைய ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் சுட்டெண்ணும், பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணும் மனித அபிவிருத்தி அறிக்கைகளில் 2010இல்தான் சேர்ந்தன.

கணக்கில் இல்லாத ஆண்டுகள்

1981இன் குடிசன மதிப்பீட்டில், அன்று கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். நாடு முழுவதையும் உள்ளடக்கிய அடுத்த குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் 1983இன் வன்செயல், பொருளாதாரத் தடை, 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தது, 2009 வரை நீண்ட போர் என எல்லாம் நடந்து முடிந்தன.

1987 முதல் 2006/07 வரை நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் வட மாகாணம் இல்லை. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதலாவது ஆய்வு 2016இல் வந்தது. வீட்டு வருமான, செலவின ஆய்வும் 2012/13இல்தான் நாட்டை முழுமையாக எட்டியது. போர்க்கால இலங்கையின் நல்ல எண்கள் பல, போர் மிகக் கடுமையாகத் தாக்கிய மக்களை விட்டுவிட்டுக் கணிக்கப்பட்டவை. எண்ணியதும் வேறுபாடு தெரிந்தது. 2016இல் நாட்டின் வறுமை வீதம் 4.1, யாழ்ப்பாணத்தில் 7.7, கிளிநொச்சியில் 18.2.

உள்ளமும் உறவும்

வருமானமும் ஆயுளும் சொல்லாத இழப்புகளை அளக்க உள்ளூர் ஆய்வாளர்களே முயன்றார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துகிறது என்பதைக் 'கூட்டு மனவடு' என்ற கருத்தின் வழி 2007இல் விளக்கினார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உருவான உளசமூக அணுகுமுறைச் சட்டகம் ஒன்று, வளங்களைப் பெறுதல், சுயமதிப்பு, பங்கேற்பு, சமூக உறவு, உடல் உள நலம் என்று நல்வாழ்வை ஐந்து கூறுகளாக வகுத்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் பணத்தில் வீடு எழும். முற்றத்தில் முதிய பெற்றோர் தனித்திருப்பர். அந்த வீட்டை வருமானத்தால் அளந்தால் ஒரு விடையும், உறவால் அளந்தால் இன்னொரு விடையும் வரும்.

நிலைபேறும் கிணறும்

1987இன் புருண்ட்லண்ட் அறிக்கை, இன்றைய தேவை நாளைய தலைமுறையின் தேவையைப் பறிக்கலாகாது என்ற கருத்தை உலகின் முன் வைத்தது. 2009இல் வெளியான ஸ்டிக்லிட்ஸ், சென், பித்தூசி ஆணைக்குழுவின் அறிக்கை, இன்றைய நலத்தையும் அது நிலைக்குமா என்பதையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்றது. காரோட்டிக்கு வேகத்தைக் காட்டும் முள்ளும் எரிபொருளைக் காட்டும் முள்ளும் வெவ்வேறாக வேண்டும் என்பது போன்றது இது. 2015இன் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று, உள்நாட்டு உற்பத்தியை நிறைவு செய்யும் அளவீடுகளை நாடுகள் உருவாக்கக் கோருகிறது. 2020இன் மனித அபிவிருத்தி அறிக்கை, புவிமீதான அழுத்தத்தைக் கழித்துக் கணிக்கும் சுட்டெண்ணையும் சேர்த்தது.

யாழ்ப்பாணத்தில் எரிபொருள் முள்ளின் இடத்தில் இருப்பது கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வலிகாமத்தின் வழுக்கையாறும் மழைக்கால நீரோட்டமே. மாரி மழை சுண்ணக்கல்லின் வழி இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தேங்குகிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த ஒரே நீர். துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பசளைப் பாவனை கூடியது. வெங்காயமும் புகையிலையும் வருமானம் தந்தன. வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை 1980கள் முதலான ஆய்வுகள் காட்டுகின்றன. மானிப்பாய்க்கு அயலான சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. மின்சாரம் உற்பத்தியானபோது உள்நாட்டு உற்பத்தி கூடியது. கிணறு கெட்டபோது அது குறையவில்லை. மக்கள் போத்தல் தண்ணீர் வாங்கியபோது மறுபடியும் கூடியது.

2022க்குப் பின்

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு உள்நாட்டு உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்ரெம்பரில் உணவு விலை உயர்வு 94.9 வீதத்தை எட்டியது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அதே ஆண்டில் மனித அபிவிருத்திச் சுட்டெண் 0.78ஐ ஒட்டியே நின்றது. ஆயுளும் பள்ளிக் கல்வியும் பல தலைமுறைச் சேமிப்பு என்பதால் ஓராண்டுப் பசி அந்த எண்ணில் தெரிவதில்லை. 2023இல் வெளியான பல்பரிமாண நலிவுநிலை ஆய்வு, மக்களில் 55.7 வீதமானோர் நலிவுற்ற நிலையில் இருப்பதைக் காட்டியது.

அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம், கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு முதலியவை சார்ந்த 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரம்பிரித்தது. பல்பரிமாண அளவீடு ஆய்வேட்டை விட்டு வீட்டு வாசலுக்கு வந்த தருணம் அது. நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் எதுவாயினும், அளக்கப்படுபவருக்கு அதைக் கேள்வி கேட்கும் வழி இருக்க வேண்டும் என்பதை அவை உணர்த்தின.

மதிப்பீடு

வளர்ச்சி வீதத்துக்கு அப்பால் நோக்கும் அளவீடுகள் இலங்கைக்கு நீதி செய்தன. ஏழை நாடும் தன் மக்களை நீண்டகாலம் வாழவைக்க முடியும் என்பதை உலகம் அவற்றின் வழியே அறிந்தது. ஆயினும் தரையில் இருந்த பிள்ளையையும், இடம்பெயர்ந்த வலிகாமத்தையும், கெட்டுப்போன கிணற்றையும் அவை காணவில்லை. எல்லோரையும் எண்ணி, ஊர் ஊராகப் பிரித்து, தமிழிலும் வெளியிடப்படும்போதே இந்த அளவீடு மக்களுக்குப் பயன்படும். மானிப்பாயின் வீட்டுக் கிணற்றுநீர் குடிக்கத் தகுந்ததா என்பது, உலகம் ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் இன்றுவரை ஒரு கூறாக இல்லை.